மோனையில் போன இன்ஜினியரிங் சீட்டு

கைதட்டலை வைத்துக் கல்லூரிக்கு ஃபீஸ் கட்ட முடியாது. இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறுவதற்கு எனக்கு ஓர் இன்ஜினியரிங் படிப்பு செலவானது.

எழுபதுகளின் பிற்பகுதி. போடியில் சட்டமன்றத் தேர்தல் சூடு பிடித்திருந்த ஆனி மாதம். எனக்கு மதுரையில் இன்ஜினியரிங் சீட்டு கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் ஃபீஸும் ஹாஸ்டல் பணமும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சீட்டு அடுத்தவனுக்குப் போய்விடும். அப்பா ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் ஜீப் டிரைவர். காலையில் தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவார், சாயங்காலம் காய் மூட்டையோடு இறங்குவார். எங்கள் வீட்டில் அடகு வைக்கத் தகுந்தது என்று இருந்தது என் மதிப்பெண் ஒன்றுதான். அதை எந்த அடகுக் கடையிலும் வாங்கமாட்டார்கள்.

அரசாங்க உதவித்தொகை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது வருஷக் கடைசியில் வரும். ஃபீஸை முதல் நாளே கட்ட வேண்டும். (இந்த ஏற்பாட்டை யோசித்தவர் நிச்சயமாக வசதியான வீட்டுப் பிள்ளை.)

கட்சிகளுக்கோ எங்களைப் போன்ற மாணவர்கள் மேல் திடீர்ப் பாசம். ஒரு கட்சி, ஏழைகளுக்குக் கல்லூரி ஃபீஸையே ரத்து செய்வோம் என்றது. இன்னொன்று, ரத்தெல்லாம் ஏமாற்று வேலை, உதவித்தொகையை இரட்டிப்பாக்குவோம் என்றது. மூன்றாவது கட்சி, கடன் கொடுப்போம், வேலை கிடைத்த பிறகு அடைத்தால் போதும் என்றது. மூன்று கூட்டத்திலும் கடைசிவரை நின்று கேட்டேன். எல்லாமே 'வோம்', 'வோம்' என்றுதான் முடிந்தன. எனக்கு வேண்டியது திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு 'இந்தா'.

அந்த 'இந்தா'வை அப்பாவின் முதலாளி சொன்னார். ஃபீஸை ரத்து செய்யும் கட்சிக்கு ஊரில் அவர்தான் தூண்.

"ஏம்ப்பா ராமையா, ஒம் மகன் பேச்சுப் போட்டியில கப்பு வாங்குனவன்ல? வெள்ளிக்கெழம நம்ம கூட்டத்துல ஏழை மாணவன்னு ரெண்டு வார்த்த பேசட்டும். ஃபீஸ நான் பாத்துக்கிறேன்."

அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் கூச்சம். "கூச்சப்படாமப் பேசு அப்பு. நல்லா ஒறைக்கிற மாதிரி பேசு" என்றார் அப்பா.

உறைக்கத்தான் பேசினேன். அந்தக் காலத்தில் மேடைப் பேச்சு என்றால் மோனை. கருத்து முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, முதலெழுத்து ஒன்றாக இருந்தால் போதும். 'ஏழை'யில் ஆரம்பிப்பதால் நான் 'ஏ'வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏடு, ஏக்கம், ஏற்றம், ஏமாற்றம் என்று அகராதியையே வழித்துத் துடைத்தேன்.

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மலையில் விளைவதும் ஏலம், அதைக் கீழே கொண்டுவந்து கூவி விற்பதும் ஏலம். முதலாளியின் தொழில், அந்தஸ்து, கட்சி நன்கொடை எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். இரண்டாவது, அவருடைய ஏப்பம். மதியம் சாப்பிட்டு எழுந்து ஒன்று விட்டாரென்றால் தெருமுனை வரை கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் அவர் கடையில் காய் பொறுக்கும் பெண்கள் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். முன்வரிசையில் முதலாளியும் மற்ற ஏல வியாபாரிகளும் வெள்ளை வேட்டியில். பின்னால் காய் பொறுக்கும் பெண்கள், மூட்டை தூக்குபவர்கள், மலையிலிருந்து இறங்கிய தோட்ட ஆட்கள். ஓரமாக ஜீப்பில் சாய்ந்துகொண்டு அப்பா. நான் மைக்கைப் பிடித்து, எதிர்க்கட்சியைச் சாடுவதாக நினைத்துக்கொண்டு முழங்கினேன்:

"ஏழையின் ஏட்டைப் பறித்து, ஏலம் விட்டு, ஏப்பம் விடும் எத்தர்களை இந்த ஊரை விட்டே விரட்டுவோம்!"

முதலில் பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள். அடுத்த நொடி கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது. விசில் பறந்தது. "அப்பிடிப் போடு! இன்னொருவாட்டி சொல்லு தம்பி!" என்று ஒருவர் துண்டைச் சுழற்றினார்.

அத்தோடு நான் இறங்கியிருக்கலாம். கைதட்டல் கேட்ட கழுதை இறங்குமா? இன்னொரு முறை சொன்னேன். மூன்றாவது முறை, 'ஏப்பம்' என்ற இடத்தில் கையை நீட்டி முன்வரிசையைக் காட்டினேன். (எதிர்க்கட்சி அந்தத் திசையில் இருப்பதாக ஒரு நினைப்பு.) அப்பா மேடைக்கு ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எறங்குடா! வெரசா எறங்கு!"

அப்போதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

மறுநாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினார். "சின்னப் பையன் மொதலாளி. அர்த்தம் தெரியாமப் பேசிட்டான்" என்று வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே நின்றார். முதலாளி கத்தவில்லை, அப்பாவை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. புன்சிரிப்போடு ஒன்றுதான் கேட்டார்.

"இம்புட்டு நல்லாப் பேசுறவனுக்குப் படிப்பு எதுக்கு ராமையா?"

அன்று மதியமே எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். "தம்பி, அதே ஏப்பத்த எங்க மேடையில ஒருதடவ விடணும்" என்றார். ஃபீஸைப் பற்றி நான் இழுத்தேன். "ஆட்சிக்கு வரட்டும் தம்பி, ஒனக்கு மட்டுமில்ல, ஊருக்கே உதவித்தொகை குடுப்போம்" என்றார். மறுபடியும் 'வோம்'. நான் போகவில்லை.

திங்கட்கிழமை, மதுரைக்குப் போக வேண்டிய நானும் அப்பாவும் ஜீப்பில் தோட்ட ஆட்களோடு போடிமெட்டு ஏறினோம். பேச்சைக் கேட்டிருந்த ஒருவர் என் முதுகில் தட்டி, "கலக்கிட்டப்பா" என்றார். அப்பா வளைவுக்கு வளைவு கியரை மாற்றிக்கொண்டே இருந்தார். அன்று என் சீட்டு யாரோ ஒருவனுக்குப் போனது. அவன் நன்றாகப் படித்திருக்கட்டும். (இதை எழுதும்போதுகூட மனசு முழுதாக ஒப்பவில்லை.)

இரண்டு வருஷம் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தேன். பிறகு முதலாளியே ஆளனுப்பினார். "கொரலு நல்லாருக்கு. சும்மா எதுக்குக் கெடக்கணும்? ஏலம் கூற வா." போனேன். யாரை விரட்டுவேன் என்று முழங்கினேனோ அவர்களுக்கே வருஷக் கணக்காக விலை கூவினேன்.

எண்பதுகளில் தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகள் முளைத்தன. முதலாளியின் கடைசி மகன் எல்லாப் பாடத்திலும் தட்டுத் தடுமாறிப் பாஸாகியிருந்தான். ஆனாலும் நன்கொடை கொடுத்தால் சீட்டு உண்டு. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "வெல பேசத் தெரிஞ்சவன் நீதான். கூட வா."

போய்ப் பேசினேன். நாக்கு வறளப் பேசினேன். கல்லூரிக்காரர் சொன்னதில் பாதிக்குக் குறைத்தேன். "சார் என்ன படிச்சிருக்காரு?" என்று அவர் அசந்துபோய்க் கேட்டார். "நம்ம டிரைவர் மகன்" என்றார் முதலாளி, பெருமையாக. பையனும் நல்லவன். இப்போது பெரிய இன்ஜினியர், எங்கே பார்த்தாலும் "அண்ணே" என்று ஓடிவருவான்.

இந்தக் கதை தெரிந்ததிலிருந்து என் மனைவி விருந்தாளிகளிடம் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறாள்: "எங்க வீட்டுக்காரரு இன்ஜினியரிங் சீட்டு வாங்குனவரு. ஒருதடவ இல்ல, ரெண்டு தடவ! ஒன்னுலகூடப் படிக்கல." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், நிஜமாகவே.

அப்பா இருந்தவரை அவர் மட்டும் சிரித்ததே இல்லை. எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை சும்மா இருப்பார். பிறகு விருந்தாளி முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வார்.

"நான்தாங்க அவன ஒறைக்கிற மாதிரி பேசச் சொன்னேன்."