காது மிஸ்திரியும் என் வண்டியின் 'டொக்'கும்

காது மிஸ்திரிக்கு முன்னால் நின்று வாயால் வண்டிச் சத்தம் போட்டுக் காட்டாத ஆண்பிள்ளை போர்ட் பிளேரில் கிடையாது. ஷாதிபூரில் அவருடைய தகரக் கொட்டகைப் பக்கம் போனால், தலை நரைத்த அதிகாரி ஒருவர் பயபக்தியோடு 'டொக், டொக்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். தன் முறைக்காகக் காத்திருக்கும் பெங்காலி மீன்காரர் ஓரமாக நின்று 'கிர்ச்' பழகிக்கொண்டிருப்பார்.

"சார், முழுசா வரலை. பள்ளத்துல இறங்கும்போதா, ஏறும்போதா? ஃபிர் ஸே, இன்னொரு தடவை பண்ணுங்க" என்பார் மிஸ்திரி, கண்ணை மூடியபடி.

விளையாட்டு இல்லை. எந்த வண்டிச் சத்தமும் மெக்கானிக்கைக் கண்டதும் அடங்கிவிடும். உதிரிபாகமோ மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். தப்பானதை வரவழைத்துவிட்டால் சரியானதற்கு இன்னொரு கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் ஊகத்தில் ஒரு நட்டைக்கூட அவர் கழற்ற மாட்டார்.

டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் தண்ணீர் கேன் போடும் என் பழைய பிக்கப்பின் முன்பக்கத்திலும் ஒரு 'டொக்' வந்தது. ஒருவர் புஷ் என்றார், ஒருவர் ஷாக் அப்சார்பர் என்றார். நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன். என் வைத்தியம் அவ்வளவுதான்.

மகள் படிப்புக்காகச் சென்னைக்குக் கப்பலேறும் நாள். வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். பெட்டிகளோடு ஹேடோ துறைமுகத்துக்குப் போகிற வழியில் ரேடியோவையும் மீறி 'டொக்' கேட்கவே, கொட்டகையில் நிறுத்தினேன். அன்றும் அந்தத் தலை நரைத்த அதிகாரி 'டொக், டொக்' சொல்லிக்கொண்டு நின்றார்.

"ஸ்டியரிங்கை லெஃப்ட்ல ஒடிச்சா ஒரு டொக், நேராக்கினா ஒரு டடக்" என்று மகளே செய்து காட்டினாள்.

"அரே வா! பாப்பா மாதிரி யாரும் சொன்னதில்ல" என்றார் மிஸ்திரி. என்னை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லிவிட்டு, வண்டிக்கடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் நாடி பிடிப்பதுபோல விரல் வைத்துப் பார்த்தார். எழுந்தார். சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கீழ் பால் ஜாயின்ட் கதம், முடிஞ்சுபோச்சு. வண்டி நகராது."

"அண்ணே, கப்பல் போயிடும்! வந்து பாத்துக்கலாம்."

"ஹேடோ இறக்கத்துல சக்கரம் மடங்கிக்கிட்டா? புள்ளைய வச்சுக்கிட்டு?"

நான் அவரைத் திட்டினேன். இப்போது எழுதவும் கூசுகிற வார்த்தைகள். அவர் என்னை விட்டுவிட்டு 'டொக், டொக்' அதிகாரியின் பக்கம் திரும்பினார். "சார், இவங்களை உங்க கார்ல ஏத்திக்கங்க. உங்க வண்டி ஆவாஜ் வெறும் ஸ்டெபிலைசர் புஷ். ஹேடோ வரைக்கும் தாங்கும்."

அந்த மனிதரும் மறுபேச்சில்லாமல் கார்க் கதவைத் திறந்தார். 'டொக், டொக்' என்று போய்ச் சேர்ந்தோம். மகள் கப்பலேறினாள்.

திரும்பி வந்தபோது பிக்கப் ஜாக்கியில் நின்றது. மிஸ்திரி டயருக்கடியில் கடப்பாரையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். பால் ஜாயின்ட் குழியிலிருந்து கழன்று வந்துவிட்டது, சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. என்னிடம் திட்டு வாங்கியவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த கப்பலில் புது ஜாயின்ட் வந்தது. வண்டியில் சத்தம் நின்றது. வீட்டிலும்தான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன்.

"அண்ணே, கிர்ர்னு ஒரு ஆவாஜ் வருது."

கண்ணை மூடினார். "எப்ப?"

"சாயங்காலம். வீட்டுக்குப் போற வழியில."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்க்கவேயில்லை. ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"இது ஒரு நாள்ல பிடிபடாது தம்பி. தினம் வா, கேப்போம். பாப்பா போன் பண்ணுச்சா?"