வினிகர் மனந்திரும்பிய நாள்

ஆற்றங்கரை ஆரஞ்சுத் தோட்ட ஊரான ரென்மார்க்கில் அந்த வாரம் டாக்டரிடம் கூட்டமே இல்லை. பிரதர் லெஸ்டர் வந்திருந்தார். கை வைத்தால் மூட்டுவலி போகுமாம், ஜெபித்தால் புளிக்கிற ஆரஞ்சு இனிக்குமாம். மூட்டுவலி போனதை யாரும் பார்க்கவில்லை. ஆரஞ்சு இனித்ததை ஊரே தின்று பார்த்திருந்தது.

தெஸ்பினாவின் தோட்டத்துக்கும் அவர் எழுந்தருளினார், கூட்டத்தோடு. புருஷன் செத்த வருடம் விழுந்த உறைபனியில் அவளுடைய ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. அடியில் துளிர் விட்டதும் அழுதுகொண்டே தண்ணீர் பாய்ச்சி வளர்த்தாள். இப்போது காய்த்திருக்கிறது. வாயில் வைக்க முடியாத புளிப்பு.

"உன் வீட்டுக்காரர் ஆத்மா அடங்கல சகோதரி. அவரோட தண்ணி உரிமைய நீ பிடிச்சு வெச்சிருக்க. ஊழியத்துக்கு எழுதிக் குடு, மரம் இனிக்கும்" என்றார் லெஸ்டர்.

அங்கே நிலம் தனி, ஆற்றுத் தண்ணீரில் உரிமை தனி. தண்ணீர் போனால் அவள் நிலம் வெறும் மணல். தெரிந்தும் தடுமாறினாள். செத்த மனுஷன் தவிக்கிறான் என்றால் எந்தப் பெண்சாதிக்கு மனசு கேட்கும்?

ஜெபம் முடிந்தது. "நாவு சுத்தமாகட்டும்" என்று எல்லோருக்கும் ஒரு சிவப்பு மிட்டாய் கொடுத்து வாயில் கரையவிடச் சொன்னார். பிறகு பழத்தை வெட்டினார்.

"தேனு அண்ணி, தேனு!" என்றான் கொழுந்தன் ஸ்டமாட்டிஸ், தாடியில் சாறு வழிய.

தெஸ்பினா கடித்தாள். பல் கூசியது. "எனக்குப் புளிக்குதே!"

"விசுவாசம் போதல" என்று லெஸ்டர் பேனாவை நீட்டினார்.

விசுவாசம் அவளுக்குக் கூடுதல்தான். மாதா பண்டிகைக்கு முந்தைய நோன்பு நாள் அது; மிட்டாயில் மாட்டெலும்புப் பசை இருந்துவிட்டால்? கொடுத்தபோதே வாயில் போடுவதுபோல் காட்டிக் கைக்குட்டைக்குள் ஒளித்திருந்தாள்.

இப்போது கைக்குட்டையைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு கோப்பையோடு வந்தாள்.

"ஸ்டமாட்டி, இதைக் குடி."

குடித்தான். "பாகு காய்ச்சுனியா அண்ணி?"

"வினிகர்டா. சாலட்டுக்கு ஊத்துறது. இதுக்கு யாரு ஜெபம் பண்ணுனா?"

கோப்பை கைமாறியது. ஆளுக்கொரு மடக்கு. எல்லோருக்கும் இனித்தது. மளிகைக்கடை வினிகரும் மனந்திரும்பிவிட்டது போலும்.

"மிட்டாய் படாத நாக்கு இன்னொண்ணு இருக்கு, பிரதர். உங்களோடது. ஒரு சுளை சாப்பிடுங்களேன்" என்றாள்.

லெஸ்டருக்குத் திடீரென்று வேறு ஊரில் அவசர ஊழியம் ஞாபகம் வந்தது. காரில் ஏறிவிட்டார்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சிவப்புப் பழம் உண்டு. அதிலுள்ள புரதம் நாக்கில் ஒட்டிக்கொண்டு, வருகிற புளிப்பையெல்லாம் இனிப்பென்று மூளையிடம் புளுகும். லெஸ்டரின் மிட்டாய் அதுதான். மரத்தின் கதையோ இன்னும் எளிது. மேலே ஒட்டுக்கட்டிய ஆரஞ்சு பனியில் செத்தது. கீழே வேராயிருந்த காட்டு ஆரஞ்சு தலையெடுத்தது. அதன் மரபணுவில் புளிப்புதான் எழுதியிருக்கிறது. எந்த ஆத்மாவும் அதைத் திருத்தாது.

ஸ்டமாட்டிஸ் கிளையின் முள்ளைத் தொட்டுப் பார்த்தான். "ஒட்டுக்குக் கீழ வந்தது... பிறந்ததுலேர்ந்து ஆரஞ்சு வளக்குறேன், எனக்குத் தோணலையே அண்ணி!"

"எப்படித் தோணும்? வாயில மிட்டாய் இருந்துச்சே" என்று சொல்லிவிட்டு, அவள் ரம்பம் எடுக்கப் போனாள். தண்ணீர் அவளிடமே இருந்தது. நல்ல ஆரஞ்சை மறுபடி ஒட்டலாம்.

ஒரு மணி நேரத்தில் எல்லோருடைய நாக்கும் தெளிந்துவிட்டது. மூளை தெளிய எவ்வளவு நேரமாகும் என்பதை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.