பொடி போடக் கூடாது

மதிப்புக்குரிய மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் பணிவோடு எழுதுவது.

இங்கே நானும் அத்தையும் சுகம். உங்கள் அறுபத்தோரு பொடி டப்பிகளில் அறுபது சுகம். முழங்கால் ஆபரேஷன் முடிந்து மகன் வீட்டில் ஓய்வாக இருக்கும் உங்களுக்குப் போனில் சொன்னால் நீங்கள் கத்துவது எனக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

நீங்கள் கிளம்பும்போது அலமாரியில் ஒட்டிவிட்டுப் போன சீட்டு இதுதான்: 'ஞாயிறு காலை சேகரிப்பாளர் சங்கச் செயலாளர் வருவார். குதிரை டப்பியைத் துடைத்து வை. பொடி போடக் கூடாது.' படித்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூக்குப்பொடி போடும் பழக்கம் எனக்கு எப்போது இருந்தது? துணிக்கடையில் தினமும் பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன், உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. வீட்டுக்கு வந்தால் செருப்பு ஸ்டாண்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே படுக்கிறேன், ஏனென்றால் அறையையே அடைத்து நிற்கும் அலமாரிக்குள் விக்டோரியா ராணி காலத்துப் பட்டாளத்து டப்பிகள் வெல்வெட் மெத்தையில் படுத்திருக்கின்றன. யாரோ எந்த ஊர்க் கோட்டையையோ இடித்துவிட்டு, அதன் ஞாபகார்த்தமாக டப்பி செய்து, தும்மித் தும்மிக் கொண்டாடியிருக்கிறார்கள். இடிந்த வீட்டுக்காரனுக்கு யாரும் டப்பி செய்யவில்லை. இதைச் சொன்னால் என்னைக் கட்சிக்காரி என்பீர்கள். ஆனாலும், குதிரை டப்பி செயலாளருக்குப் பிடித்துவிட்டால் மொத்தத்தையும் சங்க அரங்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள், அறை உனக்கு என்று வாக்குக் கொடுத்தீர்களே, அந்த ஆசையில்தான் துடைக்க உட்கார்ந்தேன். துணியால் துடைத்தேன், அழுக்கு அசையவில்லை. அத்தையைக் கேட்டேன். "மாமா பொடி போடாதேன்னு எழுதியிருக்காரே, யாரைச் சொல்றார் அத்தை?" "உன் மூக்கைத்தான் சொல்லியிருப்பார். நீ நல்லா அழுத்தித் தேய்டி" என்று பாத்திரம் தேய்க்கும் பொடியை அவரே எடுத்துக் கொடுத்தார்.

மாமா, அது காகிதக் கூழில் செய்து மேலே குதிரையில் தளபதி, பின்னால் கோட்டை, கீழே போர் நடந்த ஆண்டு என்று ஓவியம் தீட்டிய டப்பி என்று யாராவது எனக்குச் சொன்னீர்களா? முதலில் தளபதியின் மீசை போனது. மீசை இல்லாமல் நன்றாக இல்லையே என்று ஓரத்தைச் சரிசெய்தேன், தலை போனது. கோட்டை போனது, ஆண்டு போனது. குதிரை மட்டும் சேணத்தோடு நிற்கிறது. மூலையில், இத்தனை நாள் அழுக்குக்குள் இருந்த ஒரு மூட்டை தூக்கி மட்டும் பளிச்சென்று வெளியே வந்தான். பாவம், அவனுக்கும் உட்கார ஸ்டூல் கிடையாது.

ஞாயிறன்று செயலாளர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு டப்பியைத் திறந்தார், மூடினார், திருப்பினார். "தளபதி எங்கம்மா?"

"பொடியோட போயிட்டார் சார்."

"எந்தப் பொடி?"

அப்போதுதான் மாமா, நீங்கள் எந்தப் பொடியைச் சொன்னீர்கள் என்று எனக்கு உறைத்தது. அவர் மற்ற அறுபதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். இப்படிப் பராமரிக்கிற வீட்டுச் சேகரிப்பைச் சங்கம் ஏற்காது என்று சொல்லிவிட்டு, காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார். தப்பு முழுக்க என்னுடையது. அத்தைக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. வரும் சனிக்கிழமை கடைப் பெண்கள் தங்கும் விடுதிக்குப் போய்விடுகிறேன். ஓர் அறைக்கு எட்டுப் பேராம். பரவாயில்லை, எட்டுப் பேரும் மனுஷர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் ஆகாத காலைத் தொட்டுக் கும்பிடும்,
அக்கா மகள்.

பி.கு.: உறையை ஒட்டும் முன் அத்தை வாங்கிப் படித்தார். "எதுக்குடி இவ்வளவு மன்னிப்பு? எந்தப் பொடின்னு எனக்கு அப்பவே தெரியும். முப்பத்திநாலு வருஷமா அவர் சீட்டைத்தானே படிக்கிறேன்."

"அப்புறம் ஏன் அத்தை தேய்க்கச் சொன்னீங்க? அறை போச்சே!"

"போடி இவளே. சேர்த்த நாணயத்தையெல்லாம் கொடுத்தார், அலமாரி காலியாச்சு, தபால்தலை வந்துது. தபால்தலையைக் கொடுத்தார், டப்பி வந்துது. டப்பியும் போனா அடுத்து பீரங்கிதான் வரும். டப்பி இருக்கட்டும், அலமாரிதான் போகணும்."

செயலாளருக்கு அலமாரி மட்டும் ரொம்பப் பிடித்திருந்ததாம். வாசல் வரை போய் வழியனுப்பிய அத்தையிடம் சொல்லியிருக்கிறார், அத்தையும் அங்கேயே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இன்று காலை சங்கத்து வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. டப்பிகள் உங்கள் கட்டிலுக்கு அடியில், வெல்வெட்டோடு பத்திரமாக இருக்கின்றன. நான் விடுதிக்குப் போகவில்லை. இந்தப் பின்குறிப்பை அறைக்குள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கதவைத் தட்டிவிட்டு வரவும்.