உங்கள் பெயர் ஒட்டியிருந்த யானையைப் பற்றி

மதிப்புக்கும், கொஞ்ச நாளாகப் பயத்துக்கும் உரிய பெரியப்பா பிரகாசம் அவர்களுக்கு,

அம்பத்தூரிலிருந்து உங்கள் தம்பி மகன் ஜெர்வின் வணங்கி எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே அம்மாவும் அக்கா ரியாவும் நானும் நலம். அங்கே நீங்களும் பெரியம்மாவும் நலமா என்று கேட்க நீங்கள் போனை எடுப்பதில்லை, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டீர்கள் என்பதால், நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். பூந்தமல்லி எங்களுக்கு ஒரு பஸ் தூரம். அந்தத் தூரத்துக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்பப் போகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நேரில் வராமல் இல்லை. இந்தப் புதன்கிழமை வந்தேன். பெரியம்மா கதவைப் பாதி திறந்து, "அவரு ஊட்ல இல்லப்பா" என்றார். வாசலில் உங்கள் செருப்பு இருந்தது. உள்ளே டிவியில் ஏதோ விவாதம் ஓட, அதில் பேசுகிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்வது தெருவரைக்கும் கேட்டது. பெரியம்மாவும் நானும் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு நான் வந்துவிட்டேன்.

நீங்கள் பாதியில் கிழித்துப் போட்டாலும் போய்ச் சேர வேண்டிய விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரியாவுக்கும் அலெக்ஸுக்கும் கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. வரும் ஞாயிறு மூன்றாவது. அதற்கு அடுத்த வாரம் கல்யாணம். அப்பா இல்லை. கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டியவர் நீங்கள். நீங்கள் வரமாட்டேன் என்கிறீர்கள். காரணம் ஒரு சாண் உயரம்கூட இல்லாத ஈய யானை. அந்த யானை விஷயத்தில் நடந்தது என்ன என்று விளக்கி மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் தில்லி தர்பார் பொம்மைகளும் புத்தகங்களும் சேர்ப்பது உங்களுக்கு எப்போதுமே பிடித்ததில்லை. "வெள்ளக்காரன் போய் எத்தினி வருசமாச்சு, இவன் இன்னும் அவனுக்குப் பல்லக்குத் தூக்கிகினு கீறான்" என்று கிறிஸ்மஸ் அன்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அது எப்படி ஆரம்பித்தது என்று யாரும் கேட்கவில்லை. பாடியில் ஒரு பழைய பேப்பர் கடையில், எடைக்கு வந்த பேப்பர் கட்டு ஒன்றில், தண்ணீரில் ஊறி அப்பளம் மாதிரி உப்பிப்போன ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. வெள்ளைக்காரன் நம் ராஜாக்களை எல்லாம் தில்லிக்கு வரவழைத்து நடத்திய தர்பாரைப் பற்றியது. உள்ளே மடித்து வைத்த வரைபடம். எந்த ராஜாவுக்கு எங்கே கூடாரம், யாருக்கு எத்தனை பீரங்கிக் குண்டு மரியாதை, யாருக்கு முன்னால் யார் நாற்காலி என்று எல்லாம் கோடு போட்டுக் காட்டியிருந்தது. இருபத்தொரு குண்டு ராஜாவுக்குப் பத்தொன்பது குண்டு ராஜா இளப்பம், பத்தொன்பதுக்குப் பதினேழு இளப்பம். இப்படி ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் மேலே உட்கார்ந்திருந்த ஓர் ஆளுக்குக் குனிந்து வணங்கிவிட்டு, முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து திரும்ப வேண்டும். இதை நான் எங்கள் கம்பெனி கேண்டீனில் உட்கார்ந்து படித்தேன். அந்த வாரம்தான் எங்களுக்கு வெளிநாட்டு கஸ்டமர் வந்திருந்தார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் சாலை ஓரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். பர்மனென்ட் ஆட்களுக்குப் புது டி-ஷர்ட் கொடுத்து வரிசையில் நிறுத்தினார்கள். கான்ட்ராக்ட் ஆட்களை, கார் திரும்பிப் போகிற வரைக்கும் கேண்டீனுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் இருக்கச் சொன்னார்கள். நான் கான்ட்ராக்ட். புத்தகம் படிக்க நேரம் கிடைத்தது அதனால்தான். அன்றிலிருந்து சேர்க்கிறேன், பெரியப்பா. பல்லாவரம் சந்தையில் ஒரு மகாராஜா, ஆன்லைனில் ஓர் ஒட்டகம், யாரோ காலி செய்த வீட்டிலிருந்து அம்பாரி வைத்த யானை. ஆட்களை எப்படி நிறுத்தி வைக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. வெள்ளைக்காரன் மேல் ஆசை என்று நீங்கள் நினைப்பது தப்பு.

இனி சவரிநாதன் சாருக்கு வருகிறேன். அலெக்ஸின் தாய்மாமன், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், பேசி முடிக்க வந்த அன்று நம் வீட்டு சோபாவில் நடுவில் உட்கார்ந்ததால் மற்றவர்கள் யாரும் அதில் உட்கார முடியாமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அழைப்பிதழில் அவர் பெயர் மேலே வர வேண்டும், மண்டபத்தில் முன்வரிசை முழுக்க மாப்பிள்ளை வீட்டார், மேடையில் அவருக்கு நடுவில் தனி நாற்காலி, அவர் கார் வரும்போது பெண் வீட்டார் வாசலில் பன்னீர்ச் சொம்போடு தயாராக நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியாக டீயை உறிஞ்சிக்கொண்டே, கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகாது, எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை என்றார். வழக்கம் இல்லை என்றது டீயில் சர்க்கரை இல்லை என்பது மாதிரி இருந்தது. ரியா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். அலெக்ஸ் தன் போனைப் பார்த்தான். எல்லாரும் உங்களைப் பார்த்தோம். நீங்கள் சொன்னீர்கள்: "அது உங்க ஊட்டு விருப்பம் சார். நாங்க இன்னா சொல்றது."

அவர் கிளம்பியபோது நீங்கள் எழுந்து, கும்பிட்ட கையை இறக்காமல், அவருக்கு வழி விட்டுப் பின்பக்கமாகவே நடந்தீர்கள். தட்டோடு பின்னால் நின்ற என் காலை மிதித்தீர்கள். கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்மா, "நீதான் பொம்மைய வரிசையா அடுக்கறியே, மண்டபத்துச் சேரையும் நீயே அடுக்கிக் குடு" என்று வேலையை என் தலையில் கட்டினாள். சாப்பாட்டு மேசையை மண்டபமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு உறவினருக்கும் ஒரு பொம்மை நிறுத்தி, மார்புக்குக் குறுக்கே பட்டை கட்டின மாதிரி பெயர்ச்சீட்டு ஒட்டினேன். என்னிடம் இருப்பது நாலு மகாராஜாதான். முன்வரிசை மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் நாலும் அங்கே போய்விட்டது. நம் பக்கத்துக்கு மிச்சம் இருந்ததை வைத்துச் சமாளித்தேன். அத்தைகளுக்கு ஒட்டகப்படை. அம்மாவோடு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறவர்களுக்குப் பேண்டு வாத்தியம். அம்மாவுக்குச் சாமரம் வீசுகிற ஆள். உங்களுக்கு யானை. இதில் அவமரியாதை எதுவும் இல்லை என்று சத்தியம் செய்கிறேன். என் சேகரிப்பிலேயே விலை கூடியது அந்த யானைதான், அகலமான இடம் அதற்குத்தான், மேசையைப் பார்க்கிற யார் கண்ணும் அதன் மேல்தான் விழும். அதன் பக்கவாட்டில் பிளெக்ஸ் பேனர் மாதிரி நீளமாக 'பெரியப்பா' என்று ஒட்டினேன். சவரிநாதன் சாருக்கு வைஸ்ராய் பொம்மை. அது உட்கார்ந்த நிலையில் செய்த பொம்மை, கீழே நாற்காலி கிடையாது, மேசையில் வைத்தால் மல்லாந்து விழும். அதனால் சார் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது ஓலை வாசித்த பிறகு நீங்கள் பிரியாணி சாப்பிட வந்தீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசை மேல் குனிந்து, "இதுல நான் யாருடா" என்று கேட்டீர்கள். யானை என்றேன். ஒரு நிமிஷம் உங்கள் முகத்தில் சிரிப்பு வந்தது, நான் பார்த்தேன். அப்புறம் கேட்டீர்கள்.

"மேல குந்திகினு கீறவன் யாரு?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். அம்பாரிக்குள் வைஸ்ராய் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். மார்பில் 'சவரிநாதன் சார்'.

"எந்தலமேல அவன் குந்திகினு வருவான், நான் கீழ தூக்கிகினு போவணும். உங்கப்பன் உசுரோட இருந்தா இப்படி வெப்பியாடா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள். அம்மா அவசரமாக பிரியாணியைக் கேரியரில் போட்டுக்கொண்டு படியில் ஓடிவந்தாள். நீங்கள் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டிக் கேரியரை வாங்கிக்கொண்டு போனீர்கள். காலிக் கேரியர் மெதுவாகத் திரும்பி வந்தால் போதும் என்று அம்மா எழுதச் சொல்கிறாள்.

நடந்தது இவ்வளவுதான், பெரியப்பா. அந்த வைஸ்ராய்க்கு அடியில் ஒரு முளை உண்டு, அம்பாரியில் ஒரு துளை உண்டு. அவர் வேறு எங்கேயும் உட்கார மாட்டார். ரியா மேசை துடைக்கும்போது, மல்லாந்து கிடந்த பொம்மை தொலைந்துவிடக் கூடாது என்று அதன் இடத்தில் செருகியிருக்கிறாள். சீட்டை அவள் படித்திருக்கவே மாட்டாள். இதில் குற்றவாளி என்று யாராவது இருந்தால் அது மேசை துடைக்கிற துணி.

அன்றிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. அம்மா எல்லாப் பொம்மைகளையும் போர்வையில் கட்டிப் பரண்மேல் எறிந்ததில் ஓர் ஒட்டகத்துக்கு முன்னங்கால் போயிற்று, இப்போது அது ஜெபம் செய்வது போல் இருக்கிறது. மறுநாள் கீழே இறக்கி, எல்லாவற்றையும் விற்றுவிடு என்றாள். விளம்பரம் போட்டேன். ஆவடியிலிருந்து ஒருவர் பேசினார். அவர் குழந்தை யானை மட்டும் கேட்கிறதாம், மேலே இருக்கிற ஆள் வேண்டாமாம். பிறகு அம்மா பங்குச் சாமியாரிடம் போய் அழுதாள். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், பையனை செஸ் விளையாடச் சொல்லுங்கள் என்றாராம். கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட் அம்மாவுக்கு இதற்குள் தொளதொளவென்று ஆகிவிட்டது. ரியா ஒருத்திதான் எதுவும் நடக்காத மாதிரி வேலைக்குப் போய் வருகிறாள்.

மன்னிப்புக் கேட்கிறவன் இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அப்பா போன பிறகு இந்த வீட்டு வாடகை, என் டிப்ளமோ, அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் ரியாவின் சம்பளத்தில் நடந்தது. எஸ்டேட்டில் அந்த ஐ.டி. கம்பெனியில் அவளுக்குக் கீழே இன்று ஒரு டீமே வேலை பார்க்கிறது. அவள் வேலையை ஒருவர் டீ ஆறுவதற்குள் பறித்தார். அவரை நீங்கள் சார் என்றீர்கள். ஈயப் பொம்மை ஒன்று உங்கள் யானைமேல் உட்கார்ந்தது. அதற்குப் பிரியாணி சாப்பிடாமல் போனீர்கள். பொண்ணு வீடு என்றால் குனிந்துதான் போக வேண்டும் என்று நீங்களே பல கல்யாணத்தில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். பொம்மையும் அதைத்தானே காட்டியது.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன். கோடு போட்டு அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று அப்படியே விடுகிறேன். நீங்கள் மூத்தவர், நான் சின்னவன். புதுசாக வரிசை போட்டிருக்கிறேன், அதில் யானைமேல் இருப்பது நீங்கள், சார் ஒட்டகத்தில். அதுவும் வேண்டாம் என்றால் யானையை உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிடுகிறேன், உடைத்தாலும் சரி, உருக்கினாலும் சரி. அது ஒரு துணி செய்த தப்பு என்று நினைத்து மன்னித்து, கல்யாணத்தன்று காலையில் கோயில் வாசலுக்கு வந்துவிடுங்கள். மற்றது எதுவும் பேச வேண்டாம்.

பெரியம்மாவின் முழங்கால் வலி குறையவும், உங்கள் சர்க்கரை ஏறாமல் இருக்கவும் அம்மா தினமும் ஜெபிக்கிறாள். உங்கள் ஆசீர் எங்கள் மூன்று பேர் தலைமேலும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,

உங்கள் காலடி மகன்,
ஜெர்வின்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ரியா இதை வாங்கிப் படித்தாள். "துடைக்கிறப்போ தெரியாம வெச்சுட்டேன்னு உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டாள். சீட்டைப் படித்துத்தான் வைத்தாளாம். "பெரியப்பாவுக்குக் கோவம் வருமான்னு பாக்கத்தான் வெச்சேன். நல்லாவே வந்துச்சு. அந்தாள் மேல வரும்னு நெனச்சேன், உன் மேல வந்துடுச்சு" என்றாள். ஆகவே மேலே துணிமேல் போட்ட பழியையும், அதற்காகக் கேட்ட மன்னிப்பையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வேறு தாளில் எழுதுகிறேன் என்றேன். ரெண்டையும் படிக்கட்டும் என்கிறாள்.

அவள் வேலையை விடப் போவதில்லை. அலெக்ஸிடம் நேற்றே சொல்லிவிட்டாளாம். தனக்கு அதில் வருத்தம் இல்லை, மாமாவிடம் கல்யாணத்துக்குப் பிறகு சொல்லலாம் என்றானாம். மூன்றாவது ஓலை வாசிக்கிறதுக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்றாளாம். யார் சொல்வது என்று கேட்டிருக்கிறான். எங்கள் வீட்டுப் பெரியவர் சொல்வார் என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஞாயிறு காலைப் பூசைக்கு முன் நீங்கள் சவரிநாதனுக்கு ஒரு போன் போட வேண்டும். சார் போடாமல் பேச முடிந்தால் இன்னும் நல்லது. பேசினால் அவள் கையைப் பிடிக்கப் போவது நீங்கள். பேசாவிட்டால் அம்மா. புருஷன் இல்லாதவள் நான் எப்படிடீ முன்னாடி நடக்கிறது என்று அம்மா ஒரு மணி நேரம் அழுதாள். இப்போது புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவிலிருந்து பிரிட்ஜ் வரைக்கும், இடது கையைக் கொஞ்சம் நீட்டினபடி, மெதுவாக நடந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.