பன்னிரண்டு நாற்பத்தேழுக்குக் கழற்றிய பேட்டரி

சரியாக மதியம் 12.47-க்கு நான் ஒரு பேட்டரியைக் கழற்றினேன். அதுவரை அந்த நாளில் எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் நான் மட்டுமே பொறுப்பு. (நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். நினைவில் இல்லை. எழுதி வைத்திருந்தேன். அப்படிப்பட்டவள் நான்.)

மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், திட்டப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று அட்டவணை போடுவதும், முடியாதபோது எல்லாருக்கும் ஃபோன் போட்டு நச்சரிப்பதும் என் தொழில். போன வருடம் ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்று இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரு திட்டத்தில் என்னென்ன தப்பாகப் போகலாம் என்று முன்கூட்டியே பட்டியல் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும், நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஐந்துக்கு ஒரு மதிப்பெண். நடந்தால் எவ்வளவு பாதிப்பு என்று ஐந்துக்கு இன்னொரு மதிப்பெண். இரண்டையும் பெருக்கினால் இருபத்தைந்துக்கு ஒரு எண் வரும். பதினைந்தைத் தாண்டினால் சிவப்பு. அதைத் தடுக்க என்ன செய்யப் போகிறோம், யார் செய்யப் போகிறார் என்று எதிரே எழுத வேண்டும்.

நான் பிறவியிலேயே பயந்தவள். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் இரும்புலியூர் பாலத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். (ஒரே நாளில் இரண்டு முறை.) இருபது வருடமாக வீட்டில் கேலி செய்யப்பட்ட ஒரு குணத்துக்குச் சான்றிதழும் கொடுத்து, கூடவே வண்ண அட்டவணையும் கொடுத்தால் என்ன ஆகும்? நான் வீடு திரும்பியபோது என் கணவர் மனோகர், "என்ன, ஒரு மாதிரி பிரகாசமா இருக்கே?" என்று கேட்டார். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் நிவேதாவின் மாடல், அறிவியல் கண்காட்சிக்குத் தேர்வானது. நிவி அதுவரை எதற்கும் தேர்வானதில்லை. பேச்சுப் போட்டியில் பெயர் கொடுப்பாள். மாற்று ஆள் என்று வைத்திருப்பார்கள். கோகோ அணியில் தண்ணீர் பாட்டிலோடு எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பாள். அவள் இந்த முறை, ஏரி நிரம்பும்போது முன்கூட்டியே எச்சரிக்கும் கருவி ஒன்றைத் தானாகச் செய்திருந்தாள். தெர்மகோல் ஏரி, நடுவில் ஒரு மிதவை, ஓரத்தில் பஸ்ஸர். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், பஸ்ஸர் அலறும். எங்கள் பக்கத்தில் தண்ணீர் கட்டிலுக்கடியில் வந்த பிறகுதான் ஏரி நிரம்பிய செய்தி தெரியும் என்பதால், ஆசிரியருக்கு அது பிடித்துவிட்டது. பள்ளியிலிருந்து அவள் ஒருத்திதான். மறைமலை நகருக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போட்டி. ஆளுக்கு மூன்று நிமிடம். மாடல் நடுவர்கள் முன்னால் வேலை செய்தாக வேண்டும். முதல் ஆறு பேருக்கு அரையாண்டு விடுமுறையில் ஒரு வாரப் பயிலரங்கு.

நான் நாற்பத்தொரு ஆபத்துகளைக் கண்டுபிடித்தேன். தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

"இது என்ன, மாடலுக்கு ஜாதகமா?" என்றார் மனோகர்.

"எல்லாத்துக்கும் எதிர்ல உன் பேருதாம்மா இருக்கு," என்றாள் நிவி. "எனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"நீ பேசுறதை மட்டும் பாரு. மத்ததெல்லாம் அம்மா பாத்துக்கறேன்."

"நான் லீவு போட்டு ட்ரெயின்ல கூட்டிட்டுப் போறேன்," என்றார் மனோகர். "தாம்பரத்துல ஏறினா அரை மணி நேரம்."

ரயில் கூட்டத்தில் மாடல் நசுங்குவது இருபத்தைந்துக்கு இருபது, ரத்தச் சிவப்பு. அதற்கு எதிரே 'தவிர்க்கவும்' என்று நான் எழுதியிருந்ததை விரலால் தொட்டுக் காட்டினேன்.

போக்குவரத்து நெரிசலுக்கு நான் போட்டது இரண்டு. இளம்பச்சை. கம்பெனி பஸ்ஸில் தினமும் காலை ஐந்து ஐம்பதுக்குப் பெருங்களத்தூரைக் கடக்கிறேன். பதினான்கு வருட அனுபவத்தில் அங்கே நான் பார்த்த நெரிசல், டீக்கடை வாசலில் நிற்கும் நான்கு மாடுகள். அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாளிலிருந்து ஊருக்கே நான்கு நாள் தொடர் விடுமுறை. அது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் சமையலறையில் தொங்குவது தொழிற்சாலை நாட்காட்டி. அவசர ஆர்டர் காரணமாக எங்களுக்கு மட்டும் அவை வேலை நாட்கள்.

பன்னிரண்டரைக்கு டாக்ஸி வந்தது. நிவி முன் இருக்கையில் அமர்ந்து, கண்ணை மூடிப் பேச்சை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நான் பின்னால், மாடலை மடியில் வைத்திருந்தேன். டிக்கியில் ஒரு ஸ்பேர் மாடல், முழு அளவில். (ஸ்பேர் மாடலுக்கு ஸ்பேர் பேட்டரி செய்யச் சொல்ல மட்டும் விட்டுப்போயிருந்தது.) நிவியின் ஃபோன் என் கைப்பையில். தொலைந்துவிடக்கூடும் என்று ஏறும்போதே வாங்கிக்கொண்டேன்.

முதல் வேகத்தடையில் பஸ்ஸர் அலறியது. இரண்டாவது பள்ளத்தில் இன்னும் நீளமாக. டிரைவர் திடுக்கிட்டுப் பிரேக் போட்டார்.

"யக்கா, இன்னாதுக்கா அது? வயித்த கலக்குது!"

"ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணும்மா," என்றாள் நிவி, கண்ணைத் திறக்காமல்.

அணைத்தேன். ஆனால் ஸ்விட்ச் தானாக மறுபடி விழுந்தால்? பஸ்ஸர் ஓயாமல் கத்திப் பேட்டரி தீர்ந்தால்? பயிற்சியில், ஆபத்தை வேரோடு நீக்குவதே உத்தமம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று செல்களைச் சேர்த்து நிவியே சாலிடர் வைத்துச் செய்திருந்த பேட்டரியை மெதுவாக உருவி, கைப்பையின் உள் ஜிப்பில் பத்திரப்படுத்தினேன். ஃப்ரிட்ஜிலிருந்து உருவிக் கொண்டுவந்திருந்த தாளை எடுத்து நாற்பத்திரண்டாவது வரியாக எழுதினேன்: 'பஸ்ஸர். 12.47. முடிந்தது.' யாருக்கும் சொல்லத் தோன்றாத அளவுக்கு எனக்கு நிம்மதி.

பெருங்களத்தூருக்கு முன்னால் வண்டி நின்றது. நின்றது என்றால், டிரைவர் இன்ஜினை அணைத்து, இறங்கி, டீ குடித்துவிட்டு வந்தார். தெற்கே போகும் பஸ்கள் மூன்று வரிசையாக நின்றன. பையும் குழந்தையுமாக ஜனங்கள் சாலையிலேயே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, இன்னிக்கு ஏன் இவ்ளோ கூட்டம்?"

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வையை நான் எந்த மேலதிகாரியிடமும் வாங்கியதில்லை. "நாலு நாள் லீவுக்கா! ஊரே கெளம்பிகினு கீது. இன்னிக்கிப் போய் கார்ல வந்துகீறியே."

ஒன்று ஐம்பதுக்கு நாங்கள் கடந்திருந்தது ஒரு செருப்புக் கடையும் பாதி பெட்ரோல் பங்க்கும். நிவி முணுமுணுப்பதை நிறுத்திவிட்டிருந்தாள்.

"பாப்பா, ஸ்டேஷன் தோ கீது," என்றார் டிரைவர். "எலக்ட்ரிக் ட்ரெயின் புட்ச்சா அரை அவர்ல போய்டுவே."

"ட்ரெயின்ல கூட்டம் நசுக்கிடும் அண்ணா," என்றேன்.

"இங்க மட்டும் இன்னா காலியாவா கீது?"

அப்போதுதான் எனக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது. எல்லாவற்றையும் ஒரே வண்டியில் வைக்கக் கூடாது. ஆபத்தைப் பிரிக்க வேண்டும். நிவி அசல் மாடலோடு ரயிலில் போகட்டும். நான் ஸ்பேரோடு காரில் வருகிறேன். ஏதாவது ஒன்று போய்ச் சேர்ந்தே தீரும். அவள் மாடலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பஸ்களுக்கு நடுவே ஓடியதைப் பார்த்தபோது, என் வாழ்வின் மிகச் சிறந்த நிர்வாக முடிவை எடுத்துவிட்டதாக நெஞ்சு விம்மியது.

இரண்டே காலுக்கு, வண்டலூரை நெருங்கும்போது, தலைவலி மாத்திரைக்காகக் கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்தேன்.

கையில் பேட்டரியின் சாலிடர் தட்டியது.

முதலில் செய்த காரியம், நிவிக்கு ஃபோன் போட்டது. என் மடியில் இருந்த பையே அடித்தது.

அதற்குப் பிறகாவது அறிவு வந்திருக்க வேண்டும். பேட்டரியை மட்டும் எடுத்துக்கொண்டு நான் ஓடியிருந்தால் மூன்று மணிக்குக் கல்லூரியில் இருந்திருப்பேன். இதை எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். நான் ஸ்பேர் மாடலையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். அசலுக்கு வழியில் ஏதாவது ஆகியிருந்தால்? வண்டலூர் ஸ்டேஷனில் ரயில் தயாராக நின்றது. நான் ஏறலாம், தெர்மகோல் ஏரி ஏறாது. "அம்மா, அத்த கீழ போட்டுட்டு ஏறும்மா!" என்று வாசலில் தொங்கியவர்கள் கத்தினார்கள். போட மனமில்லை. ரயில் போய்விட்டது.

அடுத்த ரயிலுக்காக நிற்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கை தானாகத் துண்டித்தது. தெரியாத எண்ணை எடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம், நான் போட்டது. இரண்டாவது முறையும் துண்டித்தேன். மூன்றாவது முறைதான், என் மகளிடம் ஃபோன் இல்லை, அவள் யாரிடமாவது கேட்டுத்தான் பேச முடியும் என்பது மண்டையில் ஏறியது.

"அம்மா, பேட்டரி எங்கம்மா?" அழவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "எனக்கு நாலாவது நம்பர். மூணு பத்துக்குக் கூப்பிட்டுடுவாங்க."

பக்கத்து மேசைக்காரர்களிடம் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டாளாம். யாருடையதும் அவள் கையால் செய்த பிளக்கில் பொருந்தவில்லையாம். "வந்துட்டே இருக்கேன் கண்ணு," என்றேன். ரயில் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

நான் கல்லூரிக்குள் நுழைந்தபோது மூன்று முப்பத்தைந்து. நிவி அரங்குக்கு வெளியே படிக்கட்டில் மாடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்பேரும் கையுமாக எதிரே நின்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்புக்குப் பதிலாக நான் கேட்டது:

"முடிஞ்சிடுச்சா?"

"ம்."

"என்ன பண்ணே?"

"தண்ணி ஊத்தினேன். மிதவை மேல வந்துச்சு. அப்புறம் நானே வாயால 'பீப் பீப்'னு கத்திக் காட்டினேன்." மிதவையை விரலால் அழுத்தினாள். "ஒரு சார் சிரிச்சுட்டாரு. வேலை செய்யாத மாடலுக்கு மார்க் இல்லன்னு இன்னொரு மேடம் சொன்னாங்க."

பக்கத்தில் உட்கார்ந்தேன். பையிலிருந்து பேட்டரியை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "கழட்டினதுல தப்பில்லம்மா," என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

பயிற்சியின் இரண்டாம் நாள் மதியம் ஆசிரியர் ஏதோ சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. ஓர் ஆபத்துக்கு நாம் செய்யும் ஏற்பாடே புது ஆபத்தைப் பெற்றுப் போடும், அதனால் என்ன செய்தோம் என்பதை வேலை செய்கிறவருக்குச் சொல்லிவிடுங்கள் என்று. அவர் அதைச் சொல்லும்போது நான் என் தாளில் கட்டங்களுக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது தொழிற்சாலைக் கூட்டங்களில், யார் எந்தத் தடுப்பு ஏற்பாடு சொன்னாலும், "இதை யார்கிட்டல்லாம் சொல்லியிருக்கீங்க?" என்று கேட்கிறேன். நல்ல கேள்வி என்கிறார்கள். எங்கே கற்றேன் என்று சொல்வதில்லை.

நிவி பேட்டரியைப் பொருத்தினாள். தண்ணீர் பாட்டிலைச் சரித்தாள். மிதவை ஏறியது. அந்தக் காலி வராண்டா முழுக்கப் பஸ்ஸர் அலறியது. அவள் உடனே அணைக்கவில்லை. அலறட்டும் என்று விட்டுவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அரங்கிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். கையில் சாப்பாட்டுப் பையும் ஸ்கூட்டர் சாவியும். சிரித்த நடுவர் அவர்தான் என்று நிவி பிறகு சொன்னாள். குனிந்து மிதவையைப் பார்த்தார். பாட்டிலை வாங்கி, தானே இன்னும் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தார். பிறகு சொன்ன ஒரு வாக்கியம் இன்றுவரை எங்கள் வீட்டில் ஓடுகிறது. காபி ஆறிப்போய் வந்தாலும், குக்கரை அணைத்த பிறகு உப்பு நினைவுக்கு வந்தாலும், மனோகர், நிவியிடம் கற்றுக்கொண்ட நடுவர் குரலில் அதைச் சொல்வார். நிவி அவரைவிட நன்றாகச் சொல்வாள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்பி வருகிறேன்.

அவர் பாட்டிலை மூடி நிவியிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ரொம்ப நல்லா வேலை செய்யுதும்மா. இதை மூணு பத்துக்குக் காட்டியிருக்கலாமே."