வேதியியல் துறை பொழிந்த பனி

பாடங்கள் எல்லாம் சமம் என்று மாணவர்களிடம் சொல்கிறோம். ஆசிரியர்கள் அறையில் ஒரு டீ குடிக்கும் நேரம் உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பொய்யின் சாயம் வெளுத்துவிடும். குன்னூரில் நான் வேலைக்குச் சேர்ந்த கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் துறைக்கு மோட்டார், பேட்டரி, மரியாதை எல்லாம் உண்டு. எங்கள் வேதியியல் துறைக்கு வடக்குப் பார்த்த ஓர் அறை மட்டும். மூடுபனி காலையில் எங்களுக்கு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்.

துறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பெர்னதெத் டீச்சர், நான். அவ்வளவுதான். டீச்சர் துறைத் தலைவர். நான் தலைமை தாங்கப்பட்டவன். குளிருக்கும் முழங்கால் வலிக்கும் பயந்து டீச்சர் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு குரங்குக் குல்லாவுமாகப் பாடம் நடத்துவார்.

அந்த வருடம் நூலகம் புதுக் கட்டடத்துக்குப் போனதில், நாள் முழுக்க வெயில் விழும் அறை ஒன்று காலியானது. அதை எந்தத் துறைக்குத் தருவது என்று தலைமையாசிரியை சிஸ்டர் ரெஜினா விடுமுறைக்குப் பிறகு சொல்வதாக இருந்தார்.

"சிஸ்டர் மனசு குளுர்ற மாதிரி ஏதாச்சும் பண்ணோணும் தம்பி" என்றார் டீச்சர். "இந்த ரூம்புல இன்னொரு வருசம் இருந்தா என் முட்டி என்னை உட்டுட்டுப் போயிரும்."

அதற்கு ஒரே வழி டிசம்பரில் நடக்கும் குடில் போட்டிதான். ஒவ்வொரு துறையும் பள்ளி அரங்கில் ஒரு கிறிஸ்து பிறப்புக் குடில் வைக்க வேண்டும். இயற்பியல் ஆசிரியர் அந்தோணிசாமி சார்தான் எப்போதும் ஜெயிப்பார். அவருடைய குடிலில் நட்சத்திரம் சுற்றும், சிறகு விரித்த சம்மனசுகள் மோட்டாரில் ஏறி இறங்கும். (கணக்குத் துறைக் குடிலில் ஆடுகள்கூட அளந்து வைத்ததுபோல் சம இடைவெளியில் நிற்கும். யாரும் பரிசு தந்ததில்லை.) போன வருடம் எங்கள் துறை பஞ்சை ஒட்டிப் பனி என்றது. "காதுல வெக்கற பஞ்சுங்களா?" என்று சார் கேட்டது டீச்சருக்கு முட்டியைவிட அதிகமாக வலித்துக்கொண்டிருந்தது.

நான் எம்.எஸ்ஸி. முடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. என்னால் முடியாதது என்று உலகத்தில் எதுவும் எனக்கு அதுவரை அறிமுகமாகவில்லை.

"நெசப் பனியே பண்ணிருவோங்க டீச்சர்" என்றேன்.

குழந்தைகளுக்குப் போடும் டயப்பருக்குள் ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதி, பார்ப்பதற்குப் பனிக்குவியல் போலவே ஆகிவிடும். பொடிக்காக மருந்துக் கடைக்குப் போனேன்.

"எத்தனை மாசக் கொழந்தைக்குங்க சார்?" என்றார் கடைக்காரர்.

"இருக்கறதுலயே பெரிய சைஸ் குடுங்க. நெறைய உறிஞ்சோணும்."

"கொழந்தை எத்தனை கிலோங்க?"

"கொழந்தையெல்லாம் இல்லைங்க. எனக்குத்தான் வேணும்."

அவர் என்னை ஒரு கணம் இரக்கத்தோடு பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப அது அந்தப் பக்கமுங்க" என்று பெரியவர்களுக்கான அலமாரியைக் காட்டினார்.

எனக்குப் பின்னால் எங்கள் பங்குக் கோவிலுக்கு வரும் ஓர் அம்மா நின்றிருந்தார். கேத்தியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நான் இரண்டு கை நிறைய டயப்பர் மூட்டைகளோடு போய்ச் சேர்ந்தபோது, செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"டேய், ஒடம்புக்கு ஏதாச்சும்னா சொல்லு. இல்ல, எங்கியாச்சும் கொழந்தை கிழந்தை இருக்குதுன்னா ஊட்டுக்குக் கூட்டிட்டு வா. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

விஞ்ஞானத்தை விளக்கினேன். அம்மா நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் ஆய்வகத்தில் ஒரு சிட்டிகைப் பொடியை பீக்கரில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். பனி பொசுபொசுவென்று எழும்பியது. டீச்சர் குல்லாவைக் கழற்றிவிட்டுக் கைதட்டினார். எங்களிடம் நல்ல குழந்தை இயேசு சிலை இல்லை என்று கேள்விப்பட்டு, சிஸ்டர் ரெஜினா மடத்தின் சிற்றாலயத்தில் இருந்த பீங்கான் பாலனைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். "பத்திரம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

போட்டி நாளன்று நடுவராக வந்த பங்குத்தந்தையும் சிஸ்டரும் ஒவ்வொரு குடிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர்கள். எங்கள் குடிலில் பொடி முழுவதையும் கொட்டிப் பரப்பியிருந்தேன். (கணக்குப் போட்டால் கால்வாசி போதும். கணக்குப் போடவில்லை.) நான் பூவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இப்போது பெத்லகேமில் பனி பொழியும்" என்று அறிவித்துவிட்டுத் தண்ணீர் தெளித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

"பனி லீவுல போயிருச்சுங்களா சார்?" என்றார் அந்தோணிசாமி சார். கூட்டம் சிரித்தது.

இன்னும் தெளித்தேன். அப்போதும் பெத்லகேம் அசையவில்லை. சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு ரோஷம் தலைக்கேறிவிட்டது. பூவாளியின் மூக்கைக் கழற்றிவிட்டு இருந்த தண்ணீரை அப்படியே ஊற்றினேன். போதாதென்று பக்கத்தில் இருந்த வாளியையும் கவிழ்த்தேன். சோதனைக்கு வெந்நீர், மேடைக்கு டிசம்பர் மாதக் குழாய்த் தண்ணீர் என்ற வித்தியாசம் ஒரு வேதியியல் ஆசிரியருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குளிரில் பொடி மெதுவாகத்தான் விழித்தது.

ஆனால் விழித்துவிட்டது.

முதலில் ஆடுகளின் கால்கள் மறைந்தன. மாணவர்கள் கைதட்டினார்கள். "அற்புதம்!" என்றார் பங்குத்தந்தை. நான் தலைகுனிந்து நன்றி சொல்லி நிமிர்வதற்குள் ஆடுகளே இல்லை. இடையர்கள் இடுப்பளவு நின்றார்கள். சூசையப்பரின் தாடி வரை பனி வந்தது. கைதட்டல் மெல்ல அடங்கியது.

"குழந்தை எங்கே?" என்று கேட்டார் சிஸ்டர்.

பாலனைத்தான் எல்லோருக்கும் கீழே, குடிலின் தரையோடு படுக்க வைத்திருந்தோம்.

"ஏதாச்சும் பண்ணு தம்பி!" என்று டீச்சர் என் கையைக் கிள்ளினார். அப்போது எனக்குக் கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. உப்புப் போட்டால் அந்தப் பொடி குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிவிடும். விடுதிச் சமையலறைக்கு ஓடி ஒரு மூட்டைக் கல்லுப்பைத் தூக்கிவந்து கொட்டினேன். விஞ்ஞானம் என்னைக் கைவிடவில்லை. பனிமலை அப்படியே உட்கார்ந்தது. ஆனால் அது கக்கிய தண்ணீர், கஞ்சியைப் போல வழுவழுவென்று மேசையிலிருந்து வழிந்து, பக்கத்துக் குடிலை நோக்கிப் போனது.

பக்கத்துக் குடில் இயற்பியல்.

"என் மோட்டாரு!" என்று அந்தோணிசாமி சார் பாய்ந்தார். பட்டென்று ஒரு சத்தம். நட்சத்திரம் நின்றது, சம்மனசுகள் பாதி வழியில் தொங்கின, அரங்கம் முழுவதும் விளக்கு அணைந்தது. வெளியே மூடுபனி அடைத்துக்கொண்டிருந்ததால் ஜன்னல் வழியாகவும் வெளிச்சம் இல்லை. வேலை போய்விட்டது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இருட்டில் நழுவி கேத்திக்கு பஸ் ஏறிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போது யாரோ என் கையில் ஒரு செல்போனைத் திணித்தார்கள். உயிரியல் ஆசிரியை ஸ்டெல்லா. அதுவரை அவரிடம் நான் குட்மார்னிங் தாண்டிப் பேசியதில்லை. ஆய்வகத்திலிருந்து நீளமான இடுக்கி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

"டார்ச்சைப் புடிங்க சார். கை ஆடக் கூடாது."

நான் டார்ச்சைக் கூரைக்குப் பிடித்தேன்.

"நீங்க மூச்சை இழுத்து உடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கொழகொழத்த குவியலுக்குள் இடுக்கியை விட்டுத் துழாவினார். "கால் தட்டுப்படுது... இருங்க... அவசரப்படக் கூடாது... தலை... வந்துருச்சு!"

பாலனைத் தன் துப்பட்டாவில் துடைத்து, சுற்றி, சிஸ்டரின் கையில் கொடுத்தார். "நல்லா இருக்குதுங்க சிஸ்டர். ஒரு கீறல் இல்லை."

இருட்டில் ஒரு குரல், "என்ன குழந்தைங்க டீச்சர்?" என்று கேட்டது. பங்குத்தந்தைதான். முதலில் சிரித்தது சிஸ்டர் ரெஜினா. பிறகு அரங்கமே சிரித்தது. அந்தோணிசாமி சார் மட்டும் மோட்டாரைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார்.

பரிசு தமிழ்த் துறைக்குப் போனது. அவர்களுடைய குடில் கடைசி மூலையில் இருந்ததால் நனையவில்லை. வேறு சிறப்பு எனக்குத் தெரிந்து இல்லை. விடுமுறை முடிந்ததும் சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். ராஜினாமாக் கடிதம் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

"அந்த வெயில் ரூம் என் ஆபீசுக்கு நேர் எதிரில்" என்றார். "இனிமேல் வேதியியல் துறை என் கண்ணெதிரில்தான் இருக்க வேண்டும்."

டீச்சர் அன்று மத்தியானமே அங்கே நாற்காலியைப் போட்டு, முட்டியில் வெயில் படும்படி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நீ கெட்டிக்காரன் தம்பி" என்றார். நான் மறுக்கவில்லை.

போட்டி அன்று மாலை செல்போனைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் ஸ்டெல்லாவிடம் நிறையப் பேச வேண்டியதாகிவிட்டது. அடுத்த வருடம் அதே பங்குத்தந்தை எங்கள் கல்யாணத்தை மந்திரித்து வைத்தார். வீட்டுக்குப் புது உறவினர் யார் வந்தாலும் ஸ்டெல்லா டீயை நீட்டிவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஆரம்பிப்பாள்:

"எங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு கொழந்தை பொறந்துருச்சுங்க. சிஸ்டருங்க, ஃபாதர், ஊரே பாத்துட்டு நின்னாங்க. இவரு டார்ச் புடிச்சாரு."

வந்தவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார். உள்ளேயிருந்து என் அம்மா கரண்டியும் கையுமாக ஓடிவருவாள்: "பீங்கான் கொழந்தைங்க! பீங்கான்!"