புஷ்பவல்லியின் மீசைக்காரன்

கமலநாதனுக்குச் சந்தேகம்தான் தொழில். சுங்கை பூலோவில் ஒரு கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் செக்யூரிட்டி சூப்பர்வைசர். உள்ளே போகிற லோரியையும் நம்பமாட்டார், வெளியே வருகிற லோரியையும் நம்பமாட்டார். ஓய்வு பெற்ற பிறகு சந்தேகப்பட லோரி இல்லை. மனைவி புஷ்பவல்லிதான் இருந்தாள்.

அவளும் வசமாக மாட்டினாள். இரண்டு மாதமாகச் சனிக்கிழமை விடிந்தால் "வாணியோட வாக்கிங்" என்று அந்தத் தோழியின் காரில் அம்பாங் பக்கம் கிளம்பிவிடுவாள். வாக்கிங் போய் வந்தவள் முகத்தில் களைப்புத் தெரிய வேண்டாமா? இவள் முகத்தில் சிரிப்புத் தெரிந்தது!

வெள்ளிக்கிழமை மாலை அவள் காயப்போட்ட துணியை எடுக்கப் போன நேரம், அவளுடைய போன் மினுங்கியது. யாரோ குரு.

"போன வாரம் பாத்தோமே, மீசைக்காரன், இன்னிக்கும் வந்தான் அக்கா. மீசை அவ்ளோ அழகு! நாளைக்கு அதே மரத்தடி."

கமலநாதன் தன் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். வழவழ என்றிருந்தது.

"நாளைக்கு நான் காப்பார் போறேன். பழைய கூட்டாளி தம்புசாமியைப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார் சாப்பிடும்போது.

"போயிட்டு வாங்கலா."

ஏன் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தாள்? அதிலும் ஒரு சந்தேகம்.

மறுநாள் காலை வாணியின் கார் முன்னே, கமலநாதனின் மோட்டார்சைக்கிள் பின்னே. அம்பாங் காட்டோரம் கார் நின்றது. இவர் குனிந்து, தவழ்ந்து, ஒரு புதருக்குள் பதுங்கினார். கணுக்காலில் அட்டை ஏறியது. கத்தவில்லை. கடமை.

மரத்தடியில் புஷ்பவல்லி, வாணி, நரைத்த தலையோடு ஓர் ஆள். அவனைத்தான் "குரு" என்று கூப்பிட்டார்கள். அவனுக்கு மீசையே இல்லை!

அப்படியானால் மீசைக்காரன் வேறு ஆள். மொத்தம் இரண்டு பேர்!

"வந்துட்டான் பாருங்க!" என்று புஷ்பவல்லி கொஞ்சினாள்.

கமலநாதன் புதரிலிருந்து பாய்ந்தார். "எங்கடி அவன்?"

"கத்தாதீங்க. பறந்துடுவான்."

மரப்பட்டையில் நகம் அளவுக்கு ஒரு பழுப்பு அந்துப்பூச்சி. தலையில் இறகு வைத்தாற்போல இரண்டு மீசை.

"இது குச்சிக்கூடு கட்டுற இனம் அண்ணே" என்றான் குரு, இலையடியில் தொங்கிய சுள்ளிப் பொட்டலத்தைக் காட்டி. "இது பொண்ணோட வீடு. அவளுக்கு இறக்கை கிடையாது. உள்ளேயே இருந்து வாசனை விடுவா. ஆண்தான் தேடி அலையணும். எந்த இனம்னு சொல்ல மீசையையும் பாக்கணும், கூட்டையும் பாக்கணும்."

"என்ன சாப்பிடுவான்?" என்றார் கமலநாதன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"ஒண்ணுமில்ல. இறக்கை முளைச்சப்புறம் ஆணுக்கு வாயே வேலை செய்யாது."

புஷ்பவல்லி கணவனைப் பார்த்து ஏக்கமாகப் பெருமூச்சு விட்டாள். பிறகு கேட்டாள்: "காப்பார் எப்ப அம்பாங்குக்கு மாறி வந்துச்சு?"

"அது... எனக்கும் பூச்சின்னா உயிரு. சின்ன வயசுலேர்ந்து."

"என்னை வேவு பாக்க வரல?"

"சேச்சே! நானா?"

"சத்தியமா?"

"சத்தியமா!"

புஷ்பவல்லி குருவிடம் திரும்பினாள். "சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு வந்து, உங்க பூச்சிக் கணக்கெடுப்புக்கு நூறு மரத்தையும் சுத்திக் கூடு எண்ண ஆள் வேணும்னீங்களே, இவர் பேரை எழுதிக்குங்க."

"அப்ப நீங்க, அக்கா?"

"நான் நல்லாத் தூங்கி எழுந்து பத்து மணிக்கு வரேன்லா. இவர் கண்டுபிடிச்சு வைக்கட்டும்!"